கம்ப்யூட்டர் ‘பாஸ்’ சொன்ன பிறகு: அணுமின் நிலையக் கட்டமைப்புக் கணக்கில் பிழை தேடும் முழு வழிகாட்டி

நான்கு டன் எடையுள்ள ஓர் இரும்புச் சட்டகம். மேலே குழாய்கள் உட்காரும். நிலநடுக்கம் வந்தால் அதன் அடியில் எவ்வளவு கிடைவிசை வரும் என்று மென்பொருளைக் கேட்டேன். 0.006 கிலோநியூட்டன் என்றது. எல்லா உறுப்புகளும் பச்சை நிறத்தில் ‘பாஸ்’. அறிக்கையை அச்செடுத்து சீனியர் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “தம்பி, 0.006 கிலோநியூட்டன்னா எத்தனை கிலோ?”

மனக்கணக்குப் போட்டேன். அறுநூறு கிராம். உரித்த தேங்காய் ஒன்றின் எடை. நான்கு டன் இரும்பை நிலநடுக்கம் ஒரு தேங்காய் பலத்தில்தான் தள்ளும் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். மாடல் மீட்டர்–நியூட்டன் அலகில் இருந்தது. அந்த அலகில் நிறையைக் கிலோகிராமில் கொடுக்க வேண்டும், அதாவது 4000. நான் டன்னில் நினைத்து 4 என்று கொடுத்திருந்தேன். நிறை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. மென்பொருளின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை, சிவப்பு வரியும் வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தக்கலை. சில ஆண்டுகள் வெளியூர் டிசைன் ஆபீஸ்களில் குழாய், அதைத் தாங்கும் சப்போர்ட், கான்கிரீட் கணக்குகள் செய்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பொறியியல் படித்த பிள்ளை இல்லாத தெரு குறைவு. கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும், கன்னியாகுமரியிலிருந்து பக்கம்தான். அங்கே தலா 1000 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. அதனால் “அண்ணே, அந்தக் கட்டடம் தாங்கும்னு எப்படித் தெரியும்? சாஃப்ட்வேர் தப்பா சொன்னா?” என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வருடம் ஏதோ ஓர் ஆபீஸில் அதே மாதிரி மென்பொருளின் முன்னால் உட்காரப் போகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே சொல்லும் சம்பவங்களுக்கும் கூடங்குளத்துக்கும் சம்பந்தமில்லை. அவை உலகில் வேறு இடங்களில் நடந்து, பதிவானவை.

முதலில் ஒரு பழைய கதை: 1979, மார்ச் 13

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அன்று ஐந்து உலைகளை நிறுத்தச் சொன்னது. பீவர் வேலி 1, ஃபிட்ஸ்பாட்ரிக், மெய்ன் யாங்கி, சர்ரி 1, சர்ரி 2. எதிலும் கசிவு இல்லை, வெடிப்பு இல்லை. அவற்றின் குழாய்களுக்கு நிலநடுக்க அழுத்தம் கணக்கிட்ட ஒரு கணினி நிரலில், விசைகளைக் கூட்டும் முறை தவறு என்று தெரியவந்தது. அவ்வளவுதான். சரியாகப் பதினைந்து நாள் கழித்து, மார்ச் 28 அன்று, அமெரிக்காவிலேயே த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்தது. உலகம் அதைப் பேசியதில் இந்தக் கதை அமுங்கிப்போனது.

என்ன தவறு என்பதை இரண்டு எண்களில் காட்டிவிடலாம். ஒரு சப்போர்ட்டில், நிலநடுக்கத்தின் கிடை அசைவால் 60 கிலோநியூட்டன் வருகிறது. செங்குத்து அசைவால் அதே இடத்தில், அதே திசையில் 50 வருகிறது, ஆனால் கணக்கில் அதன் குறி கழித்தல். குறியோடு கூட்டினால் 10. குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் 110. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 78.

நிலநடுக்கத்துக்குக் கணக்கிடும் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற முறையில் நமக்குக் கிடைப்பது ஒவ்வோர் அசைவுக்கும் உரிய உச்ச அளவு மட்டுமே. அந்த உச்சங்கள் எந்த நொடியில் வந்தன, எந்தப் பக்கம் இழுத்தன என்ற தகவல் அங்கே இருக்காது. இல்லாத தகவலை நம்பி ஒன்றை ஒன்றால் கழிப்பது செல்லாது. 78 எடுக்கலாம், கூடுதல் எச்சரிக்கையாக 110 எடுக்கலாம். அந்த நிரல் 10 எடுக்கும் முறையில் எழுதப்பட்டிருந்தது. நொடிக்கு நொடி கணக்கிடும் டைம் ஹிஸ்டரி முறையில் குறியோடு கூட்டுவது சரி. ஒரு முறைக்குச் சரியான வரி இன்னொரு முறைக்குள் போய் உட்கார்ந்ததுதான் பிழை.

பின்னால் இந்தக் கதைக்கு மறுபடியும் வருவேன். இப்போது வேலையை ஆரம்பிக்கலாம்.

படி 1: மென்பொருளைத் திறக்கும் முன் ஐந்து எண்களை எழுதுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா. மாடல் தொடங்கும் முன்னாலேயே இந்த ஐந்தையும் கையால் எழுதித் தேதி போடுங்கள்: மொத்த எடை, ஒவ்வொரு காலுக்கும் சுமாராக எவ்வளவு எடை வரும், அதிகமாகத் தொய்யும் இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் தொய்யும், முதல் அதிர்வெண் எத்தனை ஹெர்ட்ஸ், நிலநடுக்கத்தில் அடியில் மொத்தக் கிடைவிசை எவ்வளவு.

துல்லியம் வேண்டாம். இருபது, முப்பது சதவீதம் பிசகினாலும் பரவாயில்லை. நாம் தேடுவது பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு பிழைகளை. ‘ரன்’ கொடுத்த பிறகு எழுதுவது பயன்படாது. விடை கண்ணில் பட்டதும் நம் மனம் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும். என் தேங்காய்ச் சட்டகத்தில் எனக்கு அதுதான் நடந்தது. அதிர்வெண் 249 ஹெர்ட்ஸ் என்று வந்தபோது, “ரொம்ப விறைப்பான ஃப்ரேம், நல்லது” என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

அதிர்வெண்ணுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சட்டகத்தின் முழு எடையையும், அதிர்வு எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில் விசையாகக் கொடுங்கள். கிடை அதிர்வு என்றால் எடையைக் கிடையாகத் தள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.76-ஐ வகுத்தால் சுமாரான அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். என் சட்டகம் 4 மில்லிமீட்டர் நகர்ந்தது. வர்க்கமூலம் 2, ஆக சுமார் 8 ஹெர்ட்ஸ். மென்பொருள் சொன்னது 249. சீனியர் இதைப் பழைய கவரின் பின்பக்கம் போட்டுக் காட்டினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 249-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 31. ஆயிரத்தின் வர்க்கமூலம் 31.6. “எங்கயோ ஒரு ஆயிரம் ஒளிஞ்சிருக்கு, தேடு” என்றார்.

கையால் போட்டுப் பழக விரும்புகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 1960-களில் கட்டியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: தொட்டியில் 2 மீட்டர் அகலத்துக்கு, 1.5 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால், மீட்டருக்கு எத்தனை டன்? மூன்று. தூணுக்குத் தூண் 12 மீட்டர் என்று வைத்தால், ஒரு தூண் தாங்கும் தண்ணீர் மட்டும் 36 டன். இவை நான் பயிற்சிக்காக வைத்த அளவுகள். நீங்கள் நேரில் அளந்து உங்கள் எண்ணைப் போடுங்கள். அப்புறம் அதையே மாடல் செய்து, தாங்கிகளில் வரும் எதிர்விசைகளான எல்லா ரியாக்‌ஷனையும் கூட்டினால் கொடுத்த எடை திரும்பி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஒரு லோடு விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது.

படி 2: அலகுகள்

எங்கள் ஊரில் வீடு கட்டும் இடத்துக்குப் போனால் ஒரே நாளில் ஆறு அலகுகள் காதில் விழும். மனை சென்ட்டில், வீடு சதுர அடியில், ஜல்லி யூனிட்டில், கம்பி மில்லிமீட்டரில், தளத்தின் கனம் அங்குலத்தில். வாசல் நிலை வைக்கும் ஆசாரி கோலும் விரலும் சொல்வார், ஒரு கோலுக்கு 24 விரல், சுமார் 72 சென்டிமீட்டர். இத்தனை இருந்தும் பெரிய குழப்பம் வருவதில்லை. காரணம், எல்லோரும் ஒரே சுவரைக் கண்ணால் பார்க்கிறார்கள். எட்டு அடிக்குப் பதில் எட்டு மீட்டர் என்று யாராவது சொன்னால் கொத்தனார் சிரித்துவிடுவார். கம்ப்யூட்டர் சிரிக்காது.

பல பகுப்பாய்வு மென்பொருள்களில் எண்ணுக்கு அலகு ஒட்டியிருக்காது. ஒத்துப்போகும் அலகுகளைத் தருவது உங்கள் பொறுப்பு. மூன்று தொகுப்புகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மீட்டரும் நியூட்டனும் என்றால் நிறை கிலோகிராமில், எஃகின் அடர்த்தி 7850, புவியீர்ப்பு 9.81. மீட்டரும் கிலோநியூட்டனும் என்றால் நிறை டன்னில், அடர்த்தி 7.85, புவியீர்ப்பு அதே 9.81. மில்லிமீட்டரும் நியூட்டனும் என்றால் நிறை டன்னில், அடர்த்தி 0.00000000785, புவியீர்ப்பு 9810. அந்த எட்டுச் சுழியங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணாமல் விட்டவர்கள் பலர்.

இதில் ஒரு சூட்சுமம். நிலையான எடைக்கு நாம் விசையைக் கொடுக்கிறோம், அதிர்வுக்கு நிறையைக் கொடுக்கிறோம். ஒன்று சரியாக இருந்து மற்றது தவறாக இருக்கலாம். தொய்வு சரியாக வந்தது, ஆகவே எல்லாம் சரி என்று முடிவுகட்டாதீர்கள். என் மாடலில் தொய்வு மிகச் சரியாக இருந்தது.

படி 3: நீங்கள் பார்ப்பது சரியான வரைபடமா?

சிரிப்பாக இருக்கும். ஆனால் 1981-ல் கலிஃபோர்னியாவின் டயப்லோ கேன்யன் நிலையத்தில் இதுதான் நடந்தது. அங்கே இரண்டு அலகுகள், பல இடங்களில் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஓர் அலகின் குழாய் சப்போர்ட்டுகளுக்கு நிலநடுக்கக் கணக்குப் போட்டபோது மற்ற அலகின் வரைபடத்தை எடுத்துவிட்டார்கள். இடது வலமானது. அந்த ஆண்டு செப்டம்பரில் குறைந்த மின்திறனில் ஓட்ட உரிமம் கிடைத்திருந்தது. நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். மென்பொருளில் ஒரு வரி தவறில்லை.

செய்ய வேண்டியது: வரைபட எண், திருத்த எண், தேதி மூன்றையும் கணக்கின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று மாடலில் குறியுங்கள். முடித்ததும் மாடலின் படத்தை எடுத்து வரைபடத்தின் பக்கத்தில் வைத்து, இந்த மாடலைச் செய்யாத ஒருவரை ஒப்பிடச் சொல்லுங்கள். செய்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

படி 4: மாடல் எதைப் பார்க்காது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு மாடலும் சிலவற்றைப் பார்க்கும், சிலவற்றைப் பார்க்கவே பார்க்காது. எவற்றைப் பார்க்காது என்ற பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. 1994 மே 13 அன்று, கர்நாடகத்தில் கைகா அணுமின் நிலையத்தின் முதல் அலகில், உலையை மூடும் கான்கிரீட் கவசத்தின் உள் கூரை கட்டுமானத்தில் இருந்தபோது, அதன் அடிப்பக்கக் கான்கிரீட் அடுக்காகப் பிரிந்து விழுந்தது. உலை அப்போது ஓடவில்லை. கான்கிரீட்டை அழுத்திப் பிடிக்கக் கூரைக்குள் வளைவாக ஓடும் பிரீஸ்ட்ரெஸ் கேபிள்களை இறுக்கும்போது, அவை உள்பக்கமாக அழுத்தும். அதனால் கான்கிரீட்டைத் தடிமன் திசையில் பிளக்கப் பார்க்கும் ஓர் இழுவிசை எழும். அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது இந்த இழுவிசைதான்.

இதை மென்பொருள் தலையில் கட்ட முடியாது. ஆனால் நீங்கள் அப்படி ஒரு கூரையை ஷெல் எலிமென்ட்டில் (கட்டமைப்பை மென்பொருள் பிரித்துக் கணக்கிடும் சிறு துண்டுதான் எலிமென்ட், ஷெல் என்பது மெல்லிய ஓடு போன்ற வகை) மாடல் செய்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஷெல் எலிமென்ட்டில் தடிமன் திசை அழுத்தம் சுழியம் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை லட்சம் எலிமென்ட் போட்டாலும் அந்த இழுவிசை திரையில் வராது. இருக்கிறது, கணக்கு அதைக் கேட்கவில்லை. அதைக் கையால் தனியாகப் போட வேண்டும், அல்லது அந்தத் துண்டை மட்டும் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடும் சாலிட் எலிமென்ட்டில், கேபிள்களோடு மாடல் செய்ய வேண்டும். அமெரிக்காவின் கிரிஸ்டல் ரிவர் 3 நிலையத்திலும் 2009-ல், நீராவி ஜெனரேட்டரை மாற்றுவதற்காகக் கவசச் சுவரில் வழி வெட்டியபோது கான்கிரீட் இப்படி அடுக்கு பிரிந்தது. அந்த உலை திரும்ப ஓடவே இல்லை, 2013-ல் மூடுவதாக அறிவித்தார்கள்.

சப்போர்ட்டுகளும் இதே ரகம். நிஜத்தில் குழாய் ஒரு தாங்கியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், மேலே எழும்பலாம். மாடலில் அதை இருபக்கமும் பிடித்துவைத்தால், எழும்ப வேண்டிய இடத்தில் கற்பனையாக ஒரு கீழ்நோக்கிய பிடி வரும். ரியாக்‌ஷன் பட்டியலில் ஒரு தாங்கி குழாயைக் கீழே இழுப்பதாகக் காட்டினால், அந்தத் தாங்கி நிஜத்தில் இழுக்குமா என்று பாருங்கள்.

படி 5: எச்சரிக்கைக் கோப்பைத் திறந்து படியுங்கள்

சிறிய படி, ஆனால் பலர் தாண்டிப் போவது. ஒரு மூட்டு பிடியில்லாமல் ஆடினால் சில மென்பொருள்கள் தாமாகவே அங்கே ஒரு மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டிவிடும். அதை ஒரு வரியில் சொல்லவும் சொல்லும், எங்கோ நானூறாவது வரியில். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எதிரே ‘பார்த்தேன், இன்ன காரணத்தால் பரவாயில்லை’ என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அது பரவாயில்லாத எச்சரிக்கை கிடையாது.

படி 6: மெஷ் என்ற எலிமென்ட் வலை

1991 ஆகஸ்ட் 23. நார்வேயில் ஸ்டாவாஞ்சர் பக்கத்துக் கடல்கழியில், ஸ்லீப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடிப்பகுதியை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 65 மீட்டர் ஆழம் வந்தபோது ஓர் அறைச் சுவர் உடைந்தது. மொத்தமும் மூழ்கி, கடலடியில் மோதிய அதிர்வு ரிக்டர் அளவில் 3 எனப் பதிவானது. நட்டம் சுமார் 70 கோடி டாலர். விசாரணையில் தெரிந்தது: மூன்று அறைகள் சேரும் மூலையில் எலிமென்ட்டுகள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்ததால் ஷியர் (வெட்டு) விசையை 47 சதவீதம் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். கம்பி விவரமும் அங்கே போதாமல் இருந்தது. அப்புறம் கவனமாகச் செய்த கணக்கு, சுவர் 62 மீட்டரில் உடையும் என்றது. நிஜம் 65. அதாவது கணக்குமுறை நன்றாகவே வேலை செய்யும், ஒழுங்காகக் கேட்டால்.

அது அணு உலை இல்லைதான். ஆனால் கனமான கான்கிரீட் சுவர், வெளியிலிருந்து அழுத்தம், மூலையில் சேரும் விசை என்று பார்த்தால் இதைவிட நெருங்கிய பாடம் கிடைக்காது.

எலிமென்ட்டின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. ஏறிக்கொண்டே போனால் இன்னும் பாதி. உள்மூலையில் கூர்மையாக மாடல் செய்திருந்தால் அழுத்தம் முடிவில்லாமல் ஏறும். அது கணிதத்தின் குணம், அங்கே மூலையின் உச்சி எண்ணை எடுக்காமல், வெட்டுமுகத்தில் வரும் மொத்த விசையை எடுங்கள்.

எலிமென்ட் வகையையும் சோதியுங்கள். வளையும் உறுப்பில், தடிமனுக்கு ஒரே ஓர் அடுக்கு எளிய சாலிட் எலிமென்ட் போட்டால் அது வளைய மறுத்து விறைத்து நிற்கும். சோதனை எளிது. ஐஎஸ்எம்பி 300 என்ற, 300 மில்லிமீட்டர் உயர இரும்பு உத்திரம் ஒன்றை 3 மீட்டருக்கு ஒரு முனையில் மட்டும் பிடித்து, மறுமுனையில் 10 கிலோநியூட்டன் தொங்கவிடுங்கள். கைக்கணக்கில் தொய்வு சுமார் 5.2 மில்லிமீட்டர். ஷியரையும் சேர்க்கும் மென்பொருள் 5.4 பக்கம் சொல்லும். 3 என்று வந்தால் உங்கள் எலிமென்ட்டை மாற்றுங்கள்.

படி 7: கூட்டும் விதம்

1979 கதை இங்கேதான் பயன்படுகிறது. மென்பொருளில் ‘காம்பினேஷன்’ என்ற பெட்டியில் ஏற்கெனவே ஏதோ ஒன்று டிக் ஆகியிருக்கும். அது என்ன, ஏன் என்று தெரியாமல் விடாதீர்கள். இரண்டு அதிர்வெண்கள் மிக நெருக்கமாக இருந்தால், அவை ஒன்றாகச் சேர்ந்து ஆடும். அப்போது, மேலே 78 தந்த வெறும் வர்க்கமூல முறை சரிவராது. அதற்கென்றே 1981-ல் வந்த சிகியூசி முறை இருக்கிறது.

இன்னொன்று, விட்டுப்போன நிறை. மென்பொருள் முதல் இருபது அதிர்வு வடிவங்களை மட்டும் எடுத்திருக்கலாம். விறைப்பான குழாயின் ஒரு பகுதி அந்த இருபதில் அசையவே அசையாது. அதன் நிறை கணக்கில் ஏறாது, அதன் சப்போர்ட்டுக்கு விசையும் வராது. ஒவ்வொரு திசையிலும் சேர்ந்த நிறை எத்தனை சதவீதம் என்று அட்டவணையில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் வடிவங்களைக் கூட்டுங்கள். அதற்கு மேலே இருந்தாலும், மீதி நிறைக்கான திருத்தத்தைப் போடுங்கள். மொத்தத்தில் 90 வந்தும் ஒரு குறிப்பிட்ட சப்போர்ட் காலியாக நிற்கலாம்.

இந்த இடத்தில் கையால் ஒரு சோதனை: மூன்று உறுப்புகளைத் தேர்ந்தெடுத்து, தனித்தனி எண்களை அச்செடுத்து, கால்குலேட்டரில் நீங்களே கூட்டிப் பாருங்கள். அன்று யாராவது ஒரு சப்போர்ட்டுக்கு இதைச் செய்திருந்தால், 60-ம் 50-ம் சேர்ந்து 10 ஆனது கண்ணில் பட்டிருக்கும்.

படி 8: மென்பொருளையே சோதிப்பது

இத்தனையும் உங்கள் பிழைகளைப் பற்றி. மென்பொருளுக்கும் சொந்தப் பிழைகள் உண்டு. தயாரிப்பாளர்கள் அவ்வப்போது பிழைப் பட்டியல் வெளியிடுவார்கள். அணுத்துறைக்கு விற்கும்போது அமெரிக்க மத்திய அரசு விதித்தொகுப்பின் பத்தாம் தலைப்பு, 21-ஆம் பகுதிப்படி, பாதுகாப்பைப் பாதிக்கும் குறையை அறிவித்தே ஆக வேண்டும். என்கியூஏ-1 என்ற தரநிலை, கணக்கு மென்பொருளைச் சரிபார்த்து ஆவணப்படுத்தச் சொல்கிறது. இந்தியாவில் 1983 நவம்பரில் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் வடிவமைப்பை மறுஆய்வு செய்யும் அமைப்பு.

ஆபீஸ் அளவில் நான் வலியுறுத்துவது: விடை தெரிந்த கணக்குகள் இருபதைச் சேர்த்து வையுங்கள். 1983-ல் பிரிட்டனில் தொடங்கிய நாஃபெம்ஸ் அமைப்பின் சோதனைக் கணக்குகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. அதில் எல்இ1 என்ற நீள்வட்டத் தகட்டுக் கணக்குக்கு, குறித்த புள்ளியில் விடை 92.7 மெகாபாஸ்கல். குழாய்களுக்கு, 1979-க்குப் பிறகு அமெரிக்க ஆணையமே சோதனைக் கணக்குகள் வெளியிட்டது. புதிய பதிப்பு வரும்போது, புதிய கம்ப்யூட்டரில் நிறுவும்போது, இருபதையும் ஓட்டிப் பழைய விடைகளோடு ஒப்பிடுங்கள். ஒரு வேலையின் நடுவில் பதிப்பை மாற்றாதீர்கள்.

இரண்டாவது மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன், ஒரே விடை வந்தது என்று சிலர் சொல்வார்கள். அதே உள்ளீட்டுக் கோப்பை இறக்குமதி செய்து ஓட்டினால் ஒரே தவறுதான் இரண்டு முறை வரும். என் 4 டன் அங்கேயும் 4 கிலோவாகவே போயிருக்கும்.

படி 9: கட்டி முடித்ததும் அளந்து பாருங்கள்

1978 ஜனவரி 18 அதிகாலை, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு அரங்கத்தின் இரும்புக் கூரை பனிப்பாரத்தில் விழுந்தது. சில மணி நேரம் முன்புவரை உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையைத் தூக்கி நிறுத்தும்போதே, கணினி சொன்னதைப்போல் இரண்டு மடங்கு தொய்வு இருந்தது. களத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள், கணக்குப் போட்டவர்கள் கணக்கை நம்பினார்கள். மாடலில் பிடிமானம் இருப்பதாக வைத்த இடங்களில் நிஜத்தில் போதிய பிடிமானம் இல்லை.

தூக்குக்குண்டும் ரசமட்டமும் காட்டுவதைக் கணக்கோடு ஒப்பிடும் ஒரு தாளை ஆரம்பத்திலேயே தயார் செய்யுங்கள். அணு உலையின் கவசத்தை, ஓட்டத் தொடங்கும் முன் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். அப்போது எங்கே எத்தனை மில்லிமீட்டர் விரியும் என்று கணக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சோதனை முடிந்த பிறகு சொல்வதற்கு எதற்குக் கணக்கு?

படி 10: பிழை கிடைத்துவிட்டது, இப்போது?

பிழையைத் திருத்துவது பத்து நிமிட வேலை. அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடுவதுதான் நாள் கணக்கில் இழுக்கும். 1979-ல் ஐந்து உலைகள் நிற்க வேண்டிவந்தது இதனால்தான். ஒரு நிரல், பல நிலையங்கள். அடுத்த மாதமே ஆணையம் மற்ற நிலையங்களையும், “உங்கள் நிரல் எப்படிக் கூட்டுகிறது?” என்று கேட்டு அறிக்கை அனுப்பியது.

வரிசை இதுதான். பிழையான கோப்பை அழிக்காமல், மேலெழுதாமல், அப்படியே தனியாக வையுங்கள். எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு, யார் நகலெடுத்தார்கள் என்று பட்டியல் போடுங்கள். அந்தக் கோப்பில் இருந்து பிறந்த ஒவ்வொரு கணக்கையும் ஓட்டுங்கள், ‘இதற்குப் பாதிப்பு இருக்காது’ என்று ஊகிக்க வேண்டாம். பட்டியல் முடியும் வரை காத்திருக்காமல், அன்றைக்கே களத்துக்குச் சொல்லுங்கள். நமக்கு வெட்கமாக இருக்கும். வெல்டர் காத்திருக்க மாட்டார்.

என் தேங்காய்ச் சட்டகத்தின் நிறைத் தாளை, பக்கத்து மேசைக்காரர் ‘அண்ணன் ஏற்கெனவே பண்ணதுதானே’ என்று தன் வேலைக்கும் நகலெடுத்திருந்தார். தேடியதில் பதினோரு சட்டகங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். ஒன்பது சரியான நிறையிலும் தாங்கின. இரண்டுக்குக் குறுக்குக் கம்பி கூடுதலாக வேண்டியிருந்தது, அவற்றில் ஒன்று ஏற்கெனவே செய்து, பெயின்ட் அடித்து, லாரியில் ஏறியிருந்தது. போன் பேசச் சொல்லி சீனியர் ரிசீவரை என் கையில் கொடுத்தார். எதிர்முனையில் இருந்த சைட் இன்ஜினியர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “சரி தம்பி, டிராயிங்கைத் திருத்தி அனுப்புங்க, இறக்கிப் போட்டு வெல்டு பண்ணிடறோம்” என்றார். அன்று மாலைக்குள் திருத்த எண் 2 போட்ட வரைபடம் போய்ச் சேர்ந்தது. அதன் நகல் இன்னும் என் நோட்டின் பின்அட்டையில் இருக்கிறது, நிறைப் பத்தியில் 4000 என்ற எண்ணைச் சுற்றி சீனியர் போட்ட சிவப்பு வட்டத்தோடு.